மலையில் பிரேம் கடை: எந்தக் கருவியை முதலில் வாங்குவது?

கடை போட்ட முதல் வருடம், நவம்பர் மாதம். குன்னூரில் மூன்று வாரமாக விடாத மழை. மூன்று அங்குல அகல மரத்தில் ஒரு பெரிய படத்துக்குப் பிரேம் போட்டுக் கொடுத்தேன். மூலைகள் அப்படிச் சேர்ந்திருந்தன. நகத்தை ஓட்டினால்கூடத் தட்டாது. வாங்கியவர் திருப்பூர்க்காரர். மார்ச்சில் அதைத் தூக்கிக்கொண்டு திரும்ப வந்தார். "ஏனுங்க தம்பி, இது என்னங்க கோலம்?" நாலு மூலையும் உள்பக்கமாக வாயைப் பிளந்திருந்தன. விசிட்டிங் கார்டைச் சொருகினால் உள்ளே போனது.

வெட்டில் தப்பில்லை. ஆணியிலும் தப்பில்லை. மரம் ஈரத்தைக் குடித்தால் அகலத்தில் பருக்கும், காய்ந்தால் அகலத்தில் சுருங்கும். நீளத்தில் மாற்றம் கிட்டத்தட்ட இல்லை. அதனால் மழைக்காலத்தில் மலையில் 45 டிகிரிக்கு வெட்டிய மூலை, சமவெளி வெயிலில் காய்ந்ததும் 45 ஆக இருப்பதில்லை. உள்பக்கம் திறந்துகொள்கிறது. கீழே இருந்து நன்றாகக் காய்ந்து வந்த மரத்தை வந்த அன்றே இங்கே வெட்டிச் சேர்த்தால் இதற்கு நேர்மாறு: மரம் பருத்து வெளிமுனை திறக்கும்.

நீலகிரியிலோ கொடைக்கானலிலோ சின்னதாக ஒரு பிரேம் கடை போட நினைப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கை மூலைக்குச் செலவழியுங்கள். அதாவது வெட்டும் கருவிக்கும் சேர்க்கும் கருவிக்கும். மற்றவை கைக்கருவியாகவே ஒரு வருடம் ஓடும்.

முதல் படி: உங்கள் ஊரில் எந்தப் படம் வரும்?

கருவிப் பட்டியல் போடுவதற்கு முன் ஊரை இரண்டு நாள் சுற்றிப் பாருங்கள். குன்னூர் என்றால் வெலிங்டன் பக்கத்திலேயே மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையமும் முப்படை அதிகாரிகள் படிக்கும் கல்லூரியும் இருக்கின்றன. குரூப் போட்டோ, சான்றிதழ், பதக்கம், கொடி என்று வரும். ஒரு அதிகாரிக்கு மாற்றல் வந்தால் பத்துப் பன்னிரண்டு பிரேம் ஒரே வாரத்தில் கேட்பார்கள். ஊட்டியில் மலை ரயில் படங்களும் ஸ்டுடியோ வேலைகளும் அதிகம். கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் பழைய பங்களாக்களையும் தங்கும் விடுதிகளையும் அலங்கரிக்கிறவர்கள் பெரிய அளவில் படம் மாட்டுவார்கள். கொடைக்கானலில் 2018இல் பூத்த குறிஞ்சி மறுபடி பூப்பது 2030இல். அந்த வருடம் ஒவ்வொரு கேமராக்காரரும் உங்கள் கடைக்கு வருவார் என்று தைரியமாக நம்பலாம்.

தோடர் பூத்தையல் சால்வைத் துண்டுகளும் வரும். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் ஓடும் அந்த வேலைப்பாட்டுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பசை போட்டு அட்டையில் ஒட்டினால் பாவம். ஒரு துணி போர்த்திய அட்டையில் ஊசி நூலால் ஆங்காங்கே பிடித்துத் தைத்து, கண்ணாடி துணியைத் தொடாதபடி ஆழமான பிரேமில் வைக்க வேண்டும். பதக்கங்களுக்கும் அதே ஆழம். ஆகவே நீங்கள் வாங்கும் வெட்டுக் கருவி குறைந்தது இரண்டு அங்குல உயரமுள்ள மோல்டிங்கை, அதாவது பிரேம் செய்யும் நீளச் சட்டத்தை, வெட்ட வேண்டும் என்பது இங்கேயே முடிவாகிவிடுகிறது.

எந்த ஊரானாலும் மாறாதவை மூன்று: சாமி படம், கல்யாணப் படம், இறந்தவர் படம். கடைசியாகச் சொன்னதற்காகத்தான் எப்போதும் சரக்கு கையிருப்பில் இருக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு ஒருவர் கதவைத் தட்டுவார், விடிந்தால் காரியம். 10×12, 12×15, 12×18 ஆகிய மூன்று அளவுக்கும் வெட்டிய கண்ணாடியும் பின்பலகையும் எப்போதும் தயாராக இருக்கட்டும். அந்த வேலைக்கு நான் பேரம் பேச விடுவதில்லை. அதிகம் கேட்பதும் இல்லை. ஒரே விலை.

இரண்டாம் படி: அறையும் மேசையும்

அறையைப் பார்க்கப் போகும்போது சுவரைத் தொட்டுப் பாருங்கள். மழை மோதும் பக்கத்து வெளிச்சுவர் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அடிக்கும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் அக்டோபர், நவம்பர்தான் கெட்ட மாதங்கள். அந்தச் சுவரில் மோல்டிங்கையோ அட்டையையோ சாய்க்கவே கூடாது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, படுக்கைவசத்தில் மூன்று இடத்தில் தாங்கல் கொடுத்து மோல்டிங்கை அடுக்குங்கள். செங்குத்தாகச் சாய்த்து வைத்தால் இரண்டு மாதத்தில் வில்லாக வளைந்துவிடும்.

காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்குங்கள். கடையில் நான் வாங்கிய முதல் 'கருவி' அதுவாக இருந்திருக்க வேண்டும், எட்டாவதாகத்தான் வாங்கினேன். அது 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் தாளிலும் மவுண்டிலும் (படத்தைச் சுற்றி ஜன்னல்போல வைக்கும் அட்டை) பூஞ்சணம் பிடிக்கும். அறையை மூடி ஈரம் உறிஞ்சும் மெஷின் போட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் தாள்களையும் மவுண்ட் அட்டைகளையும் ஒரு மர அலமாரிக்குள் வைத்து, அடியில் குண்டு பல்பு ஒன்றை எரியவிடுங்கள். அட்டை பல்பைத் தொடக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. குளிருக்கு மூட்டும் கரியடுப்புக்குப் பக்கத்தில் மரத்தைக் காய வைக்கிற யோசனை எல்லாருக்கும் ஒரு தடவை வரும். வேண்டாம், முனை வெடிக்கும்.

மேசை 8×4 அடி பிளைவுட் ஒன்று போதும். இடுப்பளவு உயரம். மேலே பழைய ஜமக்காளம் விரித்துக்கொள்ளுங்கள். பிரேமின் முகத்தில் கீறல் விழாது. வெட்டும் மெஷினை இதே மேசையில் வைக்காதீர்கள். தூசி கண்ணாடிக்குள் போய் உட்கார்ந்தால், எல்லாம் பின் அடித்து முடித்த பிறகுதான் கண்ணில் படும்.

மூன்றாம் படி: அளக்கிற சாமான்

ஒரு மீட்டர் எஃகு ஸ்கேல், நல்ல மூலைமட்டம், ஒரே ஒரு டேப். இரண்டு டேப் வைத்திருந்தால் இரண்டும் இரண்டு விதமாகப் பேசும். மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதிக்கலாம்: நேரான பலகை விளிம்பில் வைத்து ஒரு கோடு போடுங்கள், திருப்பிப் போட்டு அதே இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழாவிட்டால் மட்டத்தை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

நான்காம் படி: வெட்டுவது

ஒரு பிரேமுக்கு எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் அரை டிகிரி பிசகினால், மூன்று மூலையைச் சேர்த்துவிட்டு நாலாவதுக்கு வரும்போது நாலு டிகிரி இடைவெளி கண்முன்னே நிற்கும். மரப்பொடியும் பசையும் குழைத்து அதை அடைக்கிறவர்கள் உண்டு. ஒரு மழைக்காலம் போனால் அது உதிர்ந்துவிடும்.

வெட்டுவதற்கு உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன.

கையால் இழுக்கும் மைட்டர் வாள் மலிவு, கரண்ட் தேவையில்லை. இரும்புச் சட்டத்தில் வாள் வழுக்கி ஓடும், கோணத்தைப் பூட்டிக்கொள்ளலாம். நாளைக்கு இரண்டு மூன்று பிரேம் என்றால் இதுவே போதும். மரத்தில் அருமையாக வெட்டும். மேலே பூச்சு உள்ள சிந்தெடிக் (பிளாஸ்டிக்) மோல்டிங்கில் முகம் சில்லுசில்லாகப் பெயரும்.

மின்சார மைட்டர் ரம்பம் இரண்டாவது வழி. என் சிபாரிசு இதுதான்: 10 அங்குல பிளேடு போடும் சைஸ். ஆனால் மெஷினோடு வருகிற பிளேடைக் கழற்றி ஓரமாக வையுங்கள். அது கட்டட வேலைக்காரருக்கானது, பற்கள் குறைவு. பிரேமுக்கு 80 முதல் 100 பல் உள்ள கார்பைடு பிளேடு வேண்டும். பற்கள் முன்னால் பாயாமல் சற்றுப் பின்சாய்ந்திருக்கும் வகை கிடைத்தால் சிந்தெடிக்குக்கு இன்னும் நல்லது. மோல்டிங்கைப் பிடித்து இழுக்காது. வாங்குமுன் நடுத்துளையின் அளவு உங்கள் மெஷினுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். விலை குறைந்த மெஷினில் விலை உயர்ந்த பிளேடு போட்டால் வேலை நடக்கும். உயர்ந்த மெஷினில் மட்டமான பிளேடு போட்டால் நடக்காது. பிளேடு இரண்டாக இருக்கட்டும். ஒன்று சாணைக்குக் கோவை போனால் திரும்ப ஒரு வாரம் ஆகும்.

இந்த மெஷின்கள் 1,600 முதல் 2,000 வாட் வரை இழுக்கும். 15 ஆம்ப் பிளக்கும் எர்த்தும் கட்டாயம். பழைய ஓட்டுக் கட்டடங்களில் வயரிங் எப்படி இருக்கிறது என்று எலெக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து பார்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுந்தால் ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இருக்காது; வீட்டு இன்வெர்ட்டர் இந்த மெஷினைச் சுற்றாது. அதனால்தான் கையால் இழுக்கும் வாள் ஒன்றையும் கடையில் வைத்திருக்கிறேன். நான் சொன்ன இரவு பத்து மணி வேலைகள் பல அதில்தான் முடிந்தன.

மூன்றாவது, காலால் மிதித்து வெட்டும் சாப்பர். டென்மார்க்கின் மோர்சோ என்கிற பெயரை இத்தொழிலில் உள்ளவர்கள் மரியாதையோடு சொல்வார்கள். இரண்டு கத்திகள் வி வடிவில் இறங்கி, ஒரே மிதியில் இரு பக்கக் கோணத்தையும் வெட்டும். தூளே வராது, சத்தமில்லை, கரண்ட் வேண்டாம். மலைக்கு இதைவிடப் பொருத்தமான மெஷின் ஏது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கத்தி மொன்னையாகிவிட்டால் மரத்தை நசுக்கும், சிந்தெடிக்கை உடைக்கும். அந்தக் கத்தியைச் சரியான கோணத்தில் சாணை பிடிக்கிறவரை மலையில் நான் பார்க்கவில்லை. இரண்டு ஜோடிக் கத்தி வாங்கும் வசதி வரும்வரை காத்திருங்கள்.

எதை வாங்கினாலும் அதோடு நீங்களே செய்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: நீளத் தடுப்பு. மெஷினின் இடப்பக்கம் ஆறடிப் பலகை ஒன்றைப் பொருத்தி, அதில் நகர்த்திப் பூட்டக்கூடிய மரக்கட்டை ஒன்று. எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் அந்தக் கட்டையில் முட்டித்தான் வெட்டுப்பட வேண்டும். கோணம் மிகச் சரியாக இருந்தும் மேல்கட்டை கீழ்க்கட்டையைவிட ஒரு மில்லிமீட்டர் நீளமாகிவிட்டால் மூலை சேராது. புதிதாக வருகிறவர்கள் கோணத்தைத் திருகிக்கொண்டே இருப்பார்கள்; குற்றம் நீளத்தில் இருக்கும்.

மெஷின் வந்த அன்றே வெட்டுத்துண்டுகளில் சிறிய பிரேம் ஒன்று வெட்டி, பசை போடாமல் மேசையில் சேர்த்துப் பாருங்கள். நாலாவது மூலை மூடும்வரை கோணத்தைச் சரிசெய்து, மெஷினில் அந்த இடத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டுவிடுங்கள். மெஷினில் அச்சடித்திருக்கும் 45ஐ நம்ப வேண்டாம். கண்ணுக்கு மூடுகண்ணாடி, மூக்குக்கு மாஸ்க். ஆறு அங்குலத்துக்குக் குறைவான துண்டைக் கையால் பிடித்து வெட்டாதீர்கள், கிளாம்ப் போடுங்கள்.

ஐந்தாம் படி: சேர்ப்பது

பழைய முறையில் மூலைக் கிளாம்ப், பசை, இரு பக்கமிருந்தும் தலையில்லாத பின் ஆணி. முதல் ஐம்பது பிரேமை இப்படிப் போடுங்கள் என்பேன். மூலை எப்படி நடந்துகொள்கிறது என்பது கையில் ஏறும். அதற்கப்புறம் அண்டர்பின்னர் வாங்குங்கள். பிரேமின் முதுகுப் பக்கத்திலிருந்து வி வடிவ ஆணியை மூலைக்குள் ஏற்றும் மெஷின் அது. முகத்திலோ பக்கத்திலோ ஆணித் துளையே இருக்காது.

இதில் காலால் மிதிப்பது, காற்றால் ஓடுவது என இரண்டு வகை. காற்று வேண்டுமானால் கம்ப்ரசர் வேண்டும், கம்ப்ரசருக்குக் கரண்ட் வேண்டும். தவிர, சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். சின்னக் கம்ப்ரசர் டேங்க்கை நிரப்ப இங்கே அதிக நேரம் எடுக்கும். மழைக்காலத்தில் டேங்க்குக்குள் தண்ணீர் சேரும். தினமும் அடித்திருகைத் திறந்து வடிக்காவிட்டால் அந்தத் தண்ணீர் மெஷினுக்குள் போய்த் துருவேற்றும். சின்னக் கடைக்கு மிதி மெஷின்தான் சரி.

வி ஆணி 5, 7, 10, 12, 15 மில்லிமீட்டர் உயரங்களில் வரும். மெதுமரத்துக்கு ஒரு வகை, கடின மரத்துக்கு ஒரு வகை, பெட்டியில் எழுதியிருக்கும். மோல்டிங்கின் உயரத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை ஆணியின் உயரம் இருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். அதற்கு மேல் போனால் முகத்தில் மூக்கை நீட்டும். உயரமான பெட்டிப் பிரேமுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஏற்றலாம். தொடக்கத்தில் 7ம் 10ம் இருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும்.

ஆணி மூலையைப் பிடித்து நிறுத்துகிறது, சேர்ப்பது பசை. ஆணியை மட்டும் நம்பிப் பசையை மறந்த பிரேம்களைத்தான் நான் அதிகம் பழுது பார்த்திருக்கிறேன். மரத்துக்கு வழக்கமான வெள்ளைப் பசை போதும். ஆனால் அது 10 டிகிரிக்குக் கீழே சரியாக உறையாது. சுண்ணாம்புபோல வெளுத்துப் பொடியாகும். ஜனவரி காலையில் ஊட்டியில் புல்மேல் உறைபனி கிடக்கும்போது இந்த வேலையைத் தொடாதீர்கள். பசை டப்பாவை இரவில் போர்வைக்குள் சுற்றி வைப்பதைப் பார்த்து வீட்டில் சிரித்தார்கள். பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறியதும் சேர்த்து, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். சிந்தெடிக் மோல்டிங்கில் வெள்ளைப் பசை ஊறாது. அதற்கென்று விற்கும் பசை அல்லது சட்டென்று பிடிக்கும் சூப்பர் க்ளூ வகைதான்.

இனி, திருப்பூர்க்காரர் கற்றுக்கொடுத்த பாடம். மர மோல்டிங் வந்ததும் பிரித்து, கடைக்குள்ளேயே இரண்டு மூன்று வாரம் காற்றாட விடுங்கள். அறையின் ஈரத்தோடு அது சமாதானம் ஆகட்டும். திறப்பின் அளவு அகலத்தைப் பொறுத்தது. ஒரு அங்குல மோல்டிங்கில் கண்ணுக்கே தெரியாதது, மூன்று அங்குலத்தில் பல்லை இளிக்கும். ஆகவே அடைமழை மாதங்களில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் மரத்தில் ஆர்டர் வந்தால், பிரேம் எந்த ஊருக்குப் போகிறது என்று முதலில் கேட்கிறேன். சமவெளிக்கு என்றால் ஒன்று சிந்தெடிக், இல்லாவிட்டால் ஜனவரி வரை பொறுங்கள் என்று சொல்லிவிடுவேன். சிந்தெடிக் ஈரம் குடிப்பதில்லை. அதை மட்டமாகப் பேசுகிறவர்கள் கூடலூரில் ஒரு ஜூலை மாதம் கடை நடத்திப் பார்க்கட்டும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் மோல்டிங் வேறு கதை. வெட்டுவாயில் நீர் பட்டால் ஊதிவிடும்.

தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக்கில் செய்யலாமா என்று கேட்பார்கள். செய்யலாம், ரேகை அழகாக இருக்கும். ஆனால் நன்கு உலர்ந்த பலகையாக வேண்டும். பச்சை மரம் முறுக்கிக்கொள்ளும். மலைப்பகுதியில் மரம் வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தெரிந்தவர் தோட்டத்தில் கிடக்கிறது என்று வாங்கி வராமல், மரக்கடையில் ரசீதோடு வாங்குங்கள்.

ஆறாம் படி: கண்ணாடி

இங்கே பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். எண்ணெய் ஊற்றும் சக்கரக் கட்டர் ஒன்று, நேரான மரச்சட்டம் ஒன்று, கொஞ்சம் மண்ணெண்ணெய். ஒரே இழுப்பு, சத்தம் தாள் கிழிவதுபோல ஒரே சீராக வரவேண்டும். அதே கோட்டில் மறுபடி இழுத்தால் கட்டரும் போகும், கண்ணாடியும் போகும். இழுத்ததும் உடனே முறியுங்கள். குளிரில் விறைத்துக் கிடந்த கண்ணாடியைக் காலையில் வெட்டினால் போகக் கூடாத பக்கமெல்லாம் விரிசல் போகிறது என்பது என் அனுபவம். அறை கொஞ்சம் சூடேறட்டும்.

படத்துக்கு 2 மி.மீ. கண்ணாடிதான் வழக்கம். சதுர மீட்டருக்கு 5 கிலோ எடை. 24×36 அங்குலப் படத்தில் கண்ணாடி மட்டும் 2.8 கிலோ வரும். அதே அளவில் அக்ரிலிக் 1.3 கிலோதான். கூரியரில் போகும் படத்துக்கும், வளைவு வளைவாக இறங்கும் சுற்றுலாக்காரர் காருக்கும் அக்ரிலிக்கைச் சொல்லுங்கள். கீறல் விழும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கண்ணாடியைக் கொண்டுவரும்போது வண்டியில் நிறுத்தித்தான் வைக்க வேண்டும். படுக்கப் போட்டால் பர்லியாரைத் தாண்டுவதற்குள் பாதி போய்விடும். கடையிலும் மரச் சாய்மானத்தில் நிறுத்தி, இடையிடையே தாள் வையுங்கள். ஒட்டி அடுக்கிய கண்ணாடிகளுக்கு நடுவே ஈரம் புகுந்தால் வானவில்போல ஒரு கறை படியும். எதைக் கொண்டு துடைத்தாலும் போகாது.

பழைய பிரேமைப் பிரிக்கிற வேலை நிறைய வரும். ஐம்பது வருடப் போட்டோ கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். ஈரத்தில் போட்டோவின் மேல்பூச்சு இளகி ஒட்டிக்கொண்டது அது. பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து, மூலத்தை அப்படியே திருப்பிக் கொடுங்கள். புதிதாகப் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாமல் மவுண்டோ இடைச்சட்டமோ நிற்க வேண்டும் என்பதற்கும் இதுதான் காரணம்.

ஏழாம் படி: மவுண்ட்

மவுண்ட் ஜன்னலைச் சாய்வாக வெட்ட, பட்டைச் சட்டத்தில் ஓடும் கைக் கட்டர் போதும். அமெரிக்காவின் லோகன் வகைகள் இங்கேயும் கிடைக்கின்றன. அதே மாதிரியில் விலை குறைந்தவையும் உண்டு. அட்டை பொதுவாக 1.4 மி.மீ. கனம். ஜன்னல், படத்தைவிட ஒவ்வொரு பக்கமும் 3 முதல் 5 மி.மீ. சிறியதாக இருக்கட்டும். பிளேடில் கஞ்சத்தனம் வேண்டாம். மூலையில் பிசிறு வந்தால் அது பிளேடின் குற்றம், உங்கள் கையினது அல்ல. ஈரம் ஏறிய அட்டை வெட்டுப்படாமல் கிழியும். வெட்டுமுன் அந்தப் பல்பு அலமாரியில் ஒரு இரவு வைத்தால் சரியாகிவிடும்.

அமிலமில்லாத அட்டைக்கும் சாதா அட்டைக்கும் வித்தியாசம் சில வருடங்களில் தெரியும்; சாதா அட்டையின் சாய்வு வெட்டு பழுப்பேறும். எல்லாப் படத்துக்கும் உயர்ந்த அட்டை போடச் சொல்லவில்லை. மூலப் படம், பழைய போட்டோ, கையெழுத்து என்றால் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். படத்தை மேல்விளிம்பில் இரண்டு இடத்தில் தாள் டேப்பால் தொங்கவிடுங்கள். மைதாப் பசை வேண்டவே வேண்டாம். மலை ஈரத்தில் அது பூஞ்சணத்துக்கும் ராமபாணப் பூச்சிக்கும் விருந்து.

எட்டாம் படி: பின்பக்கம்

ஹார்டுபோர்டு, தகட்டு ஆணி அடிக்கும் கைத் துப்பாக்கி, பழுப்புத் தாள் டேப், வளையம், கயிறு. இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கீழ் மூலை இரண்டிலும் சின்ன ரப்பர் அல்லது கார்க் வில்லை ஒட்டுங்கள். பிரேமுக்கும் ஈரச் சுவருக்கும் நடுவில் காற்று ஓடும். படத்தின் பின்னால் கறுப்பாகப் பூப்பது பாதிக்கு மேல் குறையும். கூடுதல் செலவு டீ விலைகூட இல்லை. மூன்று கிலோவுக்கு மேலான படத்துக்கு ஒற்றை வளையம் போடாதீர்கள்.

ஒன்பதாம் படி: இப்போதைக்கு வாங்க வேண்டாதவை

கம்ப்யூட்டர் மவுண்ட் கட்டர், சூட்டில் ஒட்டும் பிரஸ், சுவரில் பொருத்தும் கண்ணாடி கட்டர், கம்ப்ரசர். நாலும் நல்ல சாமான்கள்தான், அவற்றுக்கான வேலை வந்த பிறகு. பிரஸ் வாங்கியவர்கள் அதை ஓட்டுவதற்காகவே எல்லாப் படத்தையும் ஒட்டத் தொடங்குவார்கள். பழைய மூலப் படத்தைச் சூட்டில் ஒட்டிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

பழைய மெஷின் விலைக்கு வரும். நான் ஒரு மிதி மெஷினைப் படம் பார்த்தே வாங்கி ஏமாந்தேன். ஆணியை ஏற்றும் ஊசி தேய்ந்து போயிருந்தது. மாற்று ஊசிக்கு மூன்று மாதம் அலைந்தேன். நேரில் போங்கள். உங்கள் மோல்டிங் துண்டையே எடுத்துப் போய்ப் பத்து மூலை போட்டுப் பாருங்கள். அண்டர்பின்னரில் ஊசி, சாப்பரில் கத்தியின் விளிம்பு, ரம்பத்தில் பிளேடு அச்சின் ஆட்டம் ஆகிய மூன்றையும் பார்த்தால் போதும். மேல் பெயிண்ட்டை யாரும் பார்க்க வேண்டியதில்லை.

எல்லா இரும்புக்கும் துரு பொது எதிரி. வேலை முடிந்ததும் மெஷின் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. பிளேடுகள் மூடிய டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு.

பத்தாம் படி: சரக்கும் கணக்கும்

மோல்டிங் பெரும்பாலும் கோவையிலிருந்துதான் ஏறி வரும். ஒரு தடவை சென்னை பாரிமுனையில் தேவராஜ முதலி தெருவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால் எத்தனை வகை இருக்கிறது என்று பிடிபடும். ஆனால் வாங்குவது எட்டுப் பத்து வகையோடு நிற்கட்டும். நூறு வகை மாதிரித் துண்டு சுவரில் தொங்கலாம், கையிருப்பு பத்துதான். ஒரே எண் போட்ட மோல்டிங்கே அடுத்த லாட்டில் நிறம் மாறி வரும், ஜோடியாகக் கேட்ட பிரேமை ஒரே லாட்டில் வெட்டுங்கள்.

எவ்வளவு மோல்டிங் செலவாகும்? படத்தின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரண்டால் பெருக்குங்கள். அதோடு மோல்டிங் அகலத்தை எட்டால் பெருக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். 12×18 படம், ஒன்றரை அங்குல மோல்டிங் என்றால் 60 கூட்டல் 12, ஆக 72 அங்குலம், ஆறடி. பத்தடிக் கோலில் மீதி நாலடி. அதில் 8×10க்கு ஒன்று வருமா? 36 கூட்டல் 12, சரியாக 48. வரும்போலத் தெரியும், வராது. ஒவ்வொரு வெட்டிலும் பிளேடு தன் கனத்தைத் தின்றுவிடும். 6×8 என்றால் 40 அங்குலம், தாராளமாக வரும். ஆகவே விலை போடும்போது ஆறடிக்குப் போடாமல், மிச்சம் விற்குமா விற்காதா என்று பார்த்துப் போடுங்கள். காடியின், அதாவது படமும் கண்ணாடியும் உட்காரும் பின்பக்கப் பள்ளத்தின், உள்ளளவைப் படத்தைவிட மொத்தம் 2, 3 மி.மீ. கூடுதலாக வைக்கவும் மறக்காதீர்கள். ஹார்டுபோர்டு மழையில் பருத்தால் மூலையை உள்ளிருந்து தள்ளும்.

பணத்துக்கு முத்ரா கடனில் சிசு பிரிவு 50,000 ரூபாய் வரை தருகிறது. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம்; அதற்குக் காசு கேட்கும் இணையதளங்களிடம் போகாதீர்கள். உள்ளாட்சி அலுவலகத்தில் தொழில் உரிமமும் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தைச் சுற்றிக் கொடுக்க அட்டைப் பெட்டியும் பழைய செய்தித்தாளும் சேர்த்து வையுங்கள். மலையில் பிளாஸ்டிக் பைக்குக் கெடுபிடி அதிகம்.

கடைசிப் படி: இரண்டு வீட்டுச் சோதனை

கடை திறப்பதற்கு முன் ஒரே கோலில், ஒரே நாளில், இரண்டு அங்குல மரத்தில் இரண்டு பிரேம் போடுங்கள். ஒன்றை உங்கள் வீட்டிலேயே ஈரமான சுவரில் மாட்டுங்கள். இன்னொன்றை மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்கு நேராக மாட்டச் சொல்லுங்கள். இரண்டு மாதம் கழித்துப் போய் மூலையைப் பாருங்கள். கீழே இருப்பதில் உள்பக்கம் திறந்திருந்தால், நீங்கள் ஈரத்தோடு வெட்டியிருக்கிறீர்கள். மேலே இருப்பதில் வெளிமுனை திறந்திருந்தால், மோல்டிங் உங்கள் அறைக்குப் பழகும் முன்பே அவசரப்பட்டிருக்கிறீர்கள். இரண்டும் மூடியிருந்தால் போர்டு எழுதக் கொடுக்கலாம். என் அத்தை வீட்டில் மாட்டியது இன்னும் அப்படியே இருக்கிறது. உள்ளே படம் எதுவும் இல்லை, அவர் அதில் போன வருடக் காலண்டரைச் சொருகி வைத்திருக்கிறார்.